பங்களா கோலும் ஒரு பொன்னாடையும்

தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் திடலுக்கு இரண்டு கோல்கள். ஒன்றுக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். அது கோயில் கோல். மற்றதற்குப் பின்னால், தேயிலைச் சரிவின் உச்சியில், துரை பங்களா. அது பங்களா கோல். வெள்ளைக்காரத் துரை போய், உள்ளூர்த் துரை வந்து, இப்போது கோலாலம்பூரில் குடியிருந்துகொண்டு எப்போதாவது வந்து ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் போகும் துரை வந்தும் பெயர் மட்டும் மாறவில்லை. "பங்களாவுக்கு அடிடா" என்றால் அந்தப் பக்கம் உதை என்று பொருள். தோட்டத்தில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் இது தெரியும்.

இந்த அப்பாவிச் சொல்தான் ஒரு நாள் விசாரணைக்குப் போனது. போகவைத்தவள் சசிரேகா என்று இன்றைக்கும் ஏசுகிறார்கள். தேயிலை பறிப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு, ஏசுவதற்குக் கிடையாது.

சசிரேகாவுக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், பொட்டலம் கட்டும் பிரிவில். முப்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை, அது தோட்டத்துக்குக் கவலை, அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை லீக் பந்தாட்டங்களில் கோட்டோரம் கொடி பிடிப்பாள். ஒரு முறை கொடி பிடிக்கும் கோட்டுக்காரர் வராமல் போனதால், தம்பி அகிலன் ஆடும் ஆட்டத்தில் விளையாட்டாகக் கொடியை வாங்கினாள். ஒரு கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு ஆண்பிள்ளைகள் நின்றார்கள். வீட்டில் அவளால் அம்மாவின் வாயைக்கூட நிறுத்த முடிந்ததில்லை. அன்றைக்குப் பிடித்த ஆசை. பயிற்சிக்குப் போனாள், பரீட்சை எழுதினாள், கறுப்புச் சட்டை வாங்கினாள். கொடி அவளுடையதானது.

பந்தாட்டத்தில் நடுவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர் நடுவில் ஓடுகிறார். கூட்டத்தின் ஏச்சு அவரைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிரை விட்டுவிடும். கோட்டுக்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் முதுகுக்கும் கூட்டத்தின் வாய்க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் கயிறு. ஆகையால் மலை லீக்கில் யார் யாரை எந்த மொழியில் எப்படித் திட்டுகிறார்கள் என்பதற்கு அவளைவிட நல்ல சாட்சி இல்லை. அதுதான் அவளுக்கு வினையாகவும் முடிந்தது.

கம்போங் ராஜா பக்கம் ஓர் ஆட்டம். அவள் கொடி தூக்கி ஆஃப்சைட் காட்டினாள். பின்னால் இருந்து ஒருவன், தமிழர்களைக் கேவலப்படுத்துவதற்கென்றே வைத்திருக்கும் அந்த மூன்றெழுத்தை வீசினான்: "கெலிங்!" அப்புறம் பத்துப் பேர் பாட்டாகவே பாடினார்கள். சசிரேகா திரும்பவில்லை. கொடியை உயரப் பிடித்து நடுவரைக் கூப்பிட்டாள், கேட்டதைச் சொன்னாள். ஆட்டம் நின்றது. அந்த ஊர் அணியின் ரசிகர்கள் அந்தப் பருவம் முழுக்கத் திடலுக்குள் வரக்கூடாது என்று லீக் தீர்ப்புச் சொன்னது.

மூன்றாம் டிவிஷன் குளிர்ந்தது. கேமரன் மலைக் குளிர் அல்ல, மனக்குளிர். சமூக மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டி, நாற்காலி போட்டு, அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்தத் தோட்டத்தில் பொன்னாடை ஏறாத தோள் குறைவு. பள்ளிக்கு வாளி வாங்கிக் கொடுத்தவருக்கும் பொன்னாடை, வாளியைத் தூக்கி வந்த லோரிக்காரருக்கும் பொன்னாடை. போர்த்தியதும் கைதட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். எதற்கு என்று கேட்பவன் மடையன்.

அணியின் மேலாளர் வீரப்பன் மைக்கைப் பிடித்தார். "நம்ம இனத்த ஒருத்தன் தொட்டா, நம்ம புள்ள கொடி தூக்குவா! அது கொடி இல்லலா, நம்ம மானம்!"

கைதட்டல். சிவப்புப் பட்டில் தங்கச் சரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்தியவள் பாஞ்சாலை. தோட்டத்திலேயே பெரிய குரல் அவளுடையது. அவள் வீட்டில் மிளகாய் தாளித்தால் வாசனைக்கு முன்னால் குரல் வரும் என்பார்கள். "என் ராசாத்தி" என்று சசிரேகாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

நெட்டி முறித்த சத்தம் அடங்குவதற்குள் அரையிறுதி ஆட்டம் வந்தது. இந்தத் தடவை சொந்தத் திடல். எதிர் அணி திரிங்காப் பூத்தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் கோல்கீப்பர் ஷோஹாக், வங்காளதேசத்துப் பையன்; அவன் நாட்டவரை இந்த மலையில் ஏளனமாகக் கூப்பிடுவதும் 'பங்களா' என்றுதான். வாரம் முழுக்கச் செவ்வந்திப் பூவுக்கு மருந்து அடிக்கிறவன். இடைவேளைக்குப் பிறகு அவன் வந்து நின்றது பங்களா கோலில்.

முதலில் ஒரு குரல்தான். "பங்களா!" அப்புறம் உறுமி மேளம் தாளம் பிடித்தது. பங்களா... டும்... பங்களா... டும். துரை தன் பங்களாவுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"டேய் பங்களா! ஊருக்கு எப்போடா பிளைட்டு?" இது பாஞ்சாலை.

"பெர்மிட் இருக்கான்னு கேளுக்கா!" இது வீரப்பன்.

"மூஞ்சியப் பாரு, கரிச்சட்டி!"

ஷோஹாக் பாஞ்சாலையைவிட இரண்டு மாற்று வெளுப்பு. ஆனால் ஏசுகிறவர்கள் கண்ணாடி பார்த்துவிட்டுத் திடலுக்கு வருவதில்லை.

அகிலனுக்குப் பெனால்டி கிடைத்தது. உதைத்தான். ஷோஹாக் பாய்ந்து பிடித்துவிட்டான். அவ்வளவுதான், வாழைப்பழத் தோல் ஒன்று பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. குரங்குச் சத்தம் போட்டார்கள். போட்டவர்களில் பாதிப் பேர் முந்தின கூட்டத்தில் மானம், மானம் என்று கைதட்டியவர்கள்.

சசிரேகா கயிற்றோரம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, போதும். விடுங்க."

"நீ பந்தப் பாருடி. இங்க என்னா பார்வை?"

"அக்கா, நான் கூப்புட வேண்டி வரும்."

"யார? ஒங்கப்பனையா?"

அவள் அப்பா செத்துப் போனவர் என்பது பாஞ்சாலைக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எந்த வருஷம் என்று சொல்லுவாள். ஒப்பாரி வைத்தவளே அவள்தான்.

சசிரேகா கொடியைத் தூக்கினாள்.

நடுவர் ஓடி வந்தார். கேட்டார். அவள் சொன்னாள். ஆட்டம் நின்றது. தோட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. அந்தக் கொடி நமக்கும் எதிராகத் தூக்கக் கூடியது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. விளங்கியதும் மூன்றாம் டிவிஷன் தன் தமிழ்ப் புலமை முழுவதையும் அவள் முதுகில் இறக்கியது. கம்போங் ராஜாக்காரன் அவளை ஒரு சொல்லால்தான் ஏசினான், பாவம், அவனுக்கு அவளை யாரென்று தெரியாது. இவர்களுக்கு அவள் பிறந்த நேரம் முதல் தெரியும்.

ஆட்டம் மறுபடி தொடங்கி, தோட்டம் ஒரு கோலில் ஜெயித்தது. இறுதியாட்டமும் இதே திடலில்தான். ஆனால் பூத்தோட்ட அணி லீக்கில் புகார் கொடுத்துவிட்டது. குற்றம் உறுதியானால் இறுதியாட்டத்துக்கு மூன்றாம் டிவிஷன் ரசிகர்கள் திடலுக்குள் கால் வைக்கக்கூடாது.

அடுத்த நாள் சாயங்காலமே வீரப்பன் தொழிலாளர் வரிசையில் இருந்த சசிரேகாவின் லைன் வீட்டுக்கு வந்தார். அம்மா மாரியம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அகிலன் கைப்பேசியிலிருந்து தலையெடுக்கவில்லை. பெனால்டியை விட்டதிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

"புள்ள, நான் யோசிச்சிட்டேன்" என்றார் வீரப்பன். "நாம என்னா சொன்னோம்? பங்களான்னு சொன்னோம். பங்களா எங்க இருக்கு? கோலுக்குப் பின்னால இருக்கு. பங்களாவுக்கு அடின்னு நாம காலங்காலமா சொல்றதுதானே?"

"அண்ணே, டேய் பங்களான்னு சொன்னீங்க."

"சத்தத்துல ஒனக்கு அப்படிக் கேட்டிருக்கும்லா. விசாரணையில ஒன்னையக் கேப்பாங்க. ஆமா, வீட்டத்தான் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சிச்சு."

"போன தடவ நான் தூக்குனதும் இதே கொடிதானே அண்ணே? அப்போ மானம்னீங்க."

"அது வேற."

"எப்படி வேற?"

வீரப்பன் ஒரு மடக்குத் தண்ணி குடித்து, நியாயமாகவே பதில் சொன்னார்: "அது நம்மளச் சொன்னது. இது நாம சொன்னது."

இதைவிடத் தெளிவாக அந்த மலையில் யாரும் இந்த விஷயத்தை விளக்கியதில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "மாத்திச் சொன்னீன்னா, இந்தத் திடல்ல ஒன் கொடி ஏறாது. நான் சொல்லிட்டேன்."

பொய் சொன்னால் லீக் அவள் கொடியைப் பறிக்கும். அதை அவர்கள் பயிற்சியின் முதல் நாளே சொல்லி இருந்தார்கள். உண்மை சொன்னால் தோட்டம் பறிக்கும். எப்படிப் பார்த்தாலும் கொடி போகிற வழியிலேயே நின்றது.

"ஒனக்கு எதுக்குடி?" என்றாள் மாரியம்மா. "அந்தப் பையன் நாளைக்கே ஊருக்குப் போயிருவான். நாம இவனுங்க மூஞ்சியிலதான் முழிச்சுச் சாவணும்."

"அவன் போறதுக்குள்ள எத்தன ஞாயிறு இருக்கும்மா?"

"இந்த வாய, பொண்ணு பாக்க வந்த அந்த ராசா வீட்டு மாப்பிள்ளைகிட்ட காட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ள இருக்கும்" என்று மாரியம்மா பாத்திரத்தை உருட்டினாள். வேறு ஒரு நியாயம் கிடைக்காதபோது மாரியம்மா எப்போதும் போய்ச் சேருமிடம் அதுதான்.

விசாரணை தானா ராத்தாவில், பேட்மிண்டன் மண்டபத்துக்குப் பக்கத்து அறையில். தலைவர் ஹாஷிம், ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். எல்லாருக்கும் அவர் 'சிக்கு', மலாயில் வாத்தியார். வீரப்பன் சட்டையைப் பேண்டுக்குள் செருகி, துரை பங்களாவின் படம் ஒன்றும், தமிழ்ப்பள்ளியிலிருந்து தூக்கி வந்த அகராதி ஒன்றுமாக வந்திருந்தார். பாஞ்சாலை பட்டுச்சேலையில் இருந்தாள். ஒரு மூலையில் ஷோஹாக், மருந்து வாடை போகாத ஜாக்கெட்டில்.

வீரப்பன் நல்ல மலாயில் வாதாடினார். "சிக்கு, உங்கள் மொழியில் ரெண்டு சொல் இருக்கிறது. வீட்டுக்கு பங்லோ, இந்த ஆட்களுக்கு பங்ளா. தமிழ் பழைய மொழி, சிக்கு. எங்களுக்கு வீடு என்றால் பங்களாதான். இதோ அகராதி. இதோ வீடு." படத்தைக் காட்டினார். படத்தில் கோலும் பங்களாவும் ஒன்றாகத் தெரிந்தன. எடுத்தவன் கெட்டிக்காரன்.

சிக்கு ஷோஹாக்கைக் கேட்டார்: "அவர்கள் அந்த வீட்டைப் பார்த்துக் கத்தினார்களா?"

"என்னைப் பார்த்துக் கத்தினார்கள், சிக்கு" என்றான் அவன், உடைந்த மலாயில். "வீடு எனக்குப் பின்னால் இருந்தது."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்!" என்று வீரப்பன் தொடையைத் தட்டினார். "பின்னால் இருந்தது!"

சிக்கு அகராதியைப் புரட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனாலும் தடிமனான புத்தகம் ஒரு ஆசிரியரை அசைக்கத்தான் செய்யும். சந்தேகத்தின் பலனை, என்று அவர் ஆரம்பித்தார். வீரப்பன் அங்கே வாயை மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வெற்றி பட்டைச்சாராயத்தைவிடக் கெட்டது. மூலையில் இருந்த ஷோஹாக் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான்.

வீரப்பனுக்கு மலாய் மறந்து போனது.

"பாரு, பாரு, இப்பவும் மொறைக்கிறான்! அன்னைக்கும் இந்தப் பங்களாதான் மொதல்ல மொறைச்சான்! இவன் மொறைக்காட்டி நாங்க ஏன்டா கத்தப்போறோம்?"

 தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள். பாஞ்சாலை வீரப்பனின் இடுப்பில் கிள்ளினாள்; ஆனால் சொல் முந்திவிட்டது.

"என்ன சொல்கிறார்?" என்று சிக்கு கேட்டார். பிறகு கோட்டுக்காரியிடம் திரும்பினார். "சசி, நீ லீக் ஆள். நீ சொல்."

சசிரேகா எழுந்தாள். தமிழில் வீட்டுக்கு மீசை கிடையாது. வீடு முறைத்தால் 'முறைத்தது' என்று வர வேண்டும். 'முறைத்தான்' என்று வீரப்பனின் தமிழே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் மலாயில் அவனும் அதுவும் ஒன்று. அங்கே சொல்லைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பங்ளா என்று சொன்னால், திரித்துவிட்டாள் என்பார்கள். அவள் வீரப்பனைப் பார்த்தாள், அகராதியைப் பார்த்தாள், அவர் எந்தச் சொல்லுக்கு ஆதாரம் கொண்டு வந்தாரோ அதையே எடுத்துக்கொண்டாள்.

"அன்றைக்கு அந்த பங்லோதான் முதலில் அவரை முறைத்ததாம், சிக்கு. இப்போதும் முறைத்துக்கொண்டிருக்கிறதாம்."

சிக்கு கண்ணாடியைக் கழற்றினார். "வீடு முறைத்ததா?"

"அவர் சொன்னதைச் சொன்னேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் முதலில் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது. ஷோஹாக் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது சிரிப்பாக இல்லை.

"நான் வீட்டச் சொல்லல!" என்று கத்தினார் வீரப்பன்.

"பின்ன எந்தப் பங்களாவண்ணே சொன்னீங்க?" என்று தமிழில் கேட்டாள் சசிரேகா.

அகராதியில் அதற்குப் பதில் இல்லை.

இறுதியாட்டத்துக்கு ரசிகர்கள் கிடையாது என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. அகிலன் குழம்பை அவள் அள்ளுவதற்கு முன்பே அள்ளிக்கொண்டு அறைக்குள் போனான். வீட்டுக் கதவில் யாரோ கறுப்புச் சாயத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்கள்: பங்களா. லைன் வீட்டில் பிறந்து பங்களாவில் குடியேறிய முதல் ஆள் அவள்தான்.

பிறகு பாஞ்சாலை வந்தாள், பொன்னாடையைத் திருப்பிக் கேட்டு.

"போத்துன கையால கேக்குறேன். குடு."

"குடுக்க முடியாதுக்கா."

"நாங்க குடுத்ததுடி அது!"

"மண்டபத்துல, மைக் வச்சு, பேச்சுப் பேசிக் குடுத்தீங்க. எடுக்கிறதுன்னாலும் அப்படியே எடுங்க. நாற்காலி போடுங்க, ஆளக் கூட்டுங்க, இன்னின்ன காரணத்துக்காகப் பறிக்கிறோம்னு வீரப்பண்ணன் மைக்ல சொல்லட்டும். நானே கழட்டித் தர்றேன்."

பாஞ்சாலை வாசலிலேயே காறித் துப்பிவிட்டுப் போனாள். அதுவும் ஒரு பதில்தான்.

இறுதியாட்ட நாள். எதிர் அணி லெம்பா பெர்த்தாம். திடலைச் சுற்றிக் கயிறு. உள்ளே ரசிகர் ஒருவரும் இல்லை. தீர்ப்பு திடலைத்தான் சொன்னது, தேயிலைச் சரிவைச் சொல்லவில்லை. ஆகவே மூன்றாம் டிவிஷன் முழுவதும் குடையும் உறுமியுமாகப் பங்களாவுக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாக நின்றது. இத்தனை பேர் அந்த மலையில் ஒரே நேரத்தில் நின்று பல வருஷமாகிவிட்டது.

சசிரேகா குளிருக்குக் கழுத்தில் பொன்னாடையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வேறு துணி இல்லாமல் அல்ல.

சட்டை மாற்றும் அறையில் அவள் கொடி இல்லை. முந்தின நாளே பையோடு வைத்துவிட்டுப் போனது. பை இருந்தது. மற்றக் கோட்டுக்காரரின் கொடியும் அப்படியே இருந்தது. அறைச் சாவி வீரப்பனிடம்.

"கொடி இல்லாமல் நீ எப்படி?" என்றார் நடுவர். "ரிசர்வ் ஆளைப் போடவா?"

சரிவிலிருந்து விசில் வந்தது. காத்திருந்த விசில்.

"இருக்கு" என்றாள் சசிரேகா. கோயில் பக்கம் போய், முற்றம் கூட்டும் ஈர்க்குமாறின் கம்பை உருவிக்கொண்டு வந்தாள். பொன்னாடையை இரண்டாக மடித்துக் கம்பில் முடிச்சுப் போட்டாள். சிவப்பு, தங்கச் சரிகை. நடுவர் விதியை நினைத்துப் பார்த்தார். பளிச்சென்று தெரிய வேண்டும் என்றுதான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு ஊதினார்.

இரண்டாம் பாதியில் பனி இறங்கியது. சரிவிலிருந்து பார்த்தால் பந்து தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. மேலே நின்றவர்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலேயே ஏசிக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றும் அவர்களுக்குப் புதிதல்ல. அப்போது அகிலன் பங்களா கோலுக்குள் பந்தை அடித்தான். பந்து அவனுக்கு உதைக்கப்பட்டபோதே எதிராளிகளையெல்லாம் தாண்டி நின்றான். அக்காவுக்கு அது தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்தது, அதனால்தான் முதலில் அவள் பக்கம் பார்த்தான்.

அவள் தூக்கினாள்.

பனிக்குள் வேறெதுவும் தெரியாத மூன்றாம் டிவிஷனுக்கு, உயரே ஏறும் பொன்னாடை மட்டும் தெரிந்தது. பொன்னாடை ஏறினால் என்ன செய்ய வேண்டும்? மலை முழுக்கக் கைதட்டியது. உறுமி அதிர்ந்தது. பாஞ்சாலை குலவை போட்டாள். வீரப்பன் பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்தார்.

கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்: "கோல் இல்லலா! ஆஃப்சைட்டு!"

கைதட்டல் நடுவிலேயே அறுந்தது. தட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம். அப்புறம் வந்தது பாருங்கள், அவள் அம்மா, செத்த அப்பா, ஆகாத கல்யாணம், பிறக்காத பிள்ளை, ஒன்று பாக்கியில்லாமல் சரிவில் உருண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய குரல்:

"அடியே பங்களா! கீழ எறக்குடி!"

அவள் இறக்கவில்லை. நடுவர் ஊதும் வரை பிடித்தாள்.

அந்தக் குரல் வந்ததுகூடப் பங்களா பக்கமிருந்துதான். ஆகவே அது யாரைச் சொன்னது என்று இதுவரை விசாரணை இல்லை.